வலிக்குதுன்னு மட்டும் சொன்னா பத்தல

என் தலகாணி பக்கத்துல ஒரு சின்ன நோட்டு இருக்கு. ராத்திரி வலி வந்து முழிச்சா லைட் போடாம தடவி எடுத்து அதுல ஒரு வார்த்த, ரெண்டு வார்த்த கிறுக்கி வெப்பேன். சுளீர். எரிச்சல். குடைச்சல். கனம். இழுக்குது. அவ்ளோதான் இருக்கும், பக்கத்துல தேதியும் மணியும். காலைல பாத்தா எழுத்து ஒன்னுமேல ஒன்னு ஏறிக் கெடக்கும். ஆனா இந்த நோட்டு வந்த பிறகுதான் என் வலிக்கு உருப்படியா வைத்தியம் நடக்க ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி ஒன்னேகால் வருஷம் நான் "வலிக்குது டாக்டர்"னு மட்டும்தான் சொல்லிட்டு இருந்தேன், அவங்களும் பாராசிட்டமால் மட்டும்தான் எழுதிக் குடுத்துட்டு இருந்தாங்க.

எனக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சப்ப 51 வயசு. இடது பக்கம். மார்பு முழுசா எடுத்தாங்க, அக்குள்ல இருந்து 17 நெறிகட்டி, அதாவது நெணநீர் முடிச்சு, எடுத்து பாத்ததுல 4ல நோய் பரவி இருந்துச்சு. அப்புறம் கீமோ, மொதல்ல செகப்பு கலர்ல இருக்கற ஒரு மருந்து 4 தடவ, பின்னாடி பேக்ளிடாக்சல் வாரத்துக்கு ஒன்னுனு 12 வாரம். அதுக்கப்புறம் ரேடியேஷன் 15 நாள். இப்ப ஹார்மோன் மாத்திரை தினம் ஒன்னு, இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. எல்லாம் முடிஞ்சு ஸ்கேன்ல ஒன்னும் இல்லனு சொன்ன அன்னைக்கு வீட்ல எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன், அது நிஜமான சந்தோஷம், அதுல எந்த கொறையும் இல்ல.

கொற என்னன்னா அன்னைக்கே எல்லாருக்கும் அது முடிஞ்சு போச்சு. எனக்கு முடியல. ஆபரேஷன் பண்ணா வலிக்கும், கீமோ போட்டா வாந்தி வரும் முடி கொட்டும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால அந்த நாள்ல எல்லாம் கேட்டாங்க, தாங்குனாங்க. முடி மொளச்ச பிறகு யாரும் கேக்க மாட்டாங்க. வெளிய பாக்க நான் முழுசா பழைய ஆளு மாதிரிதான் இருந்தேன், உள்ள என்னன்னா சட்டை தோள்ல படறதே எனக்கு தாங்காது, பேனா மூடி திறக்க முடியாது, மாடிப்படி எறங்க பயம். ஒரு தடவ செக்கப் போனப்ப அங்க இருந்த சின்ன வயசு டாக்டர் ஒருத்தர்கிட்ட கை ரொம்ப வலிக்குதுனு சொன்னேன், அவர் சிரிச்ச முகத்தோடதான் சொன்னாரு, "உயிரோட இருக்கீங்களேம்மா, அத நெனச்சு சந்தோஷப்படுங்க"னு. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல, எனக்கு தெரியும். ஆனா அந்த ஒரு வரி என் வாயக் கட்டிப் போட்டுச்சு. அடுத்த நாலு செக்கப்புக்கு எப்படி இருக்கீங்கனு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன். என்கூட கீமோ போட்டுக்கிட்டவங்கள்ல ரெண்டு பேரு இப்ப இல்ல. அவங்கள நெனச்சா வலிக்குதுன்னு சொல்றதே ஏதோ தப்பு பண்ற மாதிரி இருக்கும்.

இத மாத்துனது ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் பொண்ணு. தோள் தூக்க முடியலனு போயிருந்தேன், அவ ஃபைல கூட பாக்காம, "எப்படி வலிக்குதும்மா?"னு கேட்டா. ரொம்ப வலிக்குதுனேன். "எவ்ளோன்னு கேக்கல, எப்படினு கேட்டேன், எரியுதா, குத்துதா, குடையுதா, இழுக்குதா, விண்ணு விண்ணுனு தெறிக்குதா?"னு ஒவ்வொன்னா கேட்டா. நான் யோசிச்சு, இங்க எரியுது, இங்க இழுக்குது, கைவிரல்ல காலைல குடைச்சல், காலு மரத்துப் போகுதுனு சொல்ல சொல்ல அவ ஒரு பேப்பர்ல உடம்பு படம் வரைஞ்சு வேற வேற கலர்ல குறிச்சா. முடிச்சுட்டு, "அம்மா, இது ஒரு வலி இல்ல, அஞ்சு வலி, ஒவ்வொன்னுக்கும் காரணம் வேற, மருந்தும் வேற"னு சொன்னா. நான் அங்கயே உக்காந்து அழுதேன். ஒன்னேகால் வருஷமா நான் ஏதோ மனசு பலவீனமா இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன்ல, அதுக்கு அழுதேன்.

நம்ம மொழியில வலிக்கு எத்தன வார்த்த இருக்குனு பாருங்க. கடுப்பு வேற, குடைச்சல் வேற, உளைச்சல் வேற, சுளுக்கு வேற, பிடிப்பு வேற. பாட்டிமாருங்க இத எல்லாம் சரியா சொல்லுவாங்க, நாமதான் ஆஸ்பத்திரிக்குள்ள போனதும் எல்லாத்தையும் சேத்து வலின்னு ஒரே வார்த்தையில சுருட்டிக் குடுத்துடறோம்.

மொதல்ல அந்த எரிச்சல பத்தி சொல்றேன், என்ன ரொம்ப படுத்துனது அதுதான். அக்குள்ல இருந்து கையோட உள்பக்கம், முழங்கைக்கு கொஞ்சம் மேல வரைக்கும், தொட்டா தொட்டது தெரியாது, மரத்துக் கெடக்கும். ஆனா அதே எடத்துல சூடு பட்ட மாதிரி எரியும், நடுவுல திடீர்னு சுளீர்னு ஒரு ஷாக். மரத்துப் போன எடம் எப்படி எரியும், எனக்கு பைத்தியம் புடிச்சிருச்சோனு கூட தோணுச்சு. காரணம் இதுதான்: விலா எலும்புக்கு நடுவுல இருந்து கெளம்பி அக்குள் வழியா கைக்குள்ள போற ஒரு நரம்பு இருக்கு, இன்டர்காஸ்டோபிராக்கியல் நரம்புனு பேரு. அது கைய அசைக்கிற நரம்பு இல்ல, தோல்ல தொட்ட உணர்ச்சிய மூளைக்கு சொல்றது மட்டும்தான் அதோட வேல. அக்குள்ல நெறிகட்டி எடுக்கறப்ப அது சரியா வழியில வரும், பல நேரம் இழுபடும் இல்ல வெட்டுப்படும். வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருக்காது, யாரும் தொடாமலே தப்புத் தப்பா சேதி அனுப்பிட்டே இருக்கும், அத மூளை எரிச்சலா எடுத்துக்கும். இதுக்கு போஸ்ட் மாஸ்டெக்டமி பெயின் சிண்ட்ரோம்னு, அதாவது மார்பு எடுத்த பிறகு வர வலினு, பேரே இருக்கு, 1970கள்ல இருந்து டாக்டர்ங்க எழுதிட்டு வராங்க. மார்ப முழுசா எடுக்காம கட்டிய மட்டும் எடுத்தவங்களுக்கும் வருது.

எத்தன பேருக்குனு தேடுனப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. 2009ல டென்மார்க்ல இருந்து ஒரு ஆய்வு வந்திருக்கு, ஆபரேஷன் முடிஞ்சு 2, 3 வருஷம் ஆன 3,000க்கும் மேற்பட்ட பெண்கள்கிட்ட கேட்டிருக்காங்க, அதுல 47 சதவீதம் பேர் இன்னும் வலி இருக்குனு சொல்லியிருக்காங்க. கிட்டத்தட்ட பாதி. வயசு கொறஞ்சவங்களுக்கும், அக்குள் நெறிகட்டி முழுசா எடுத்தவங்களுக்கும், ரேடியேஷன் எடுத்தவங்களுக்கும் அதிகமாம். பாதிப் பேருக்கு இருக்கற ஒன்ன நான் எனக்கு மட்டும்தான்னு நெனச்சு மறச்சு வெச்சிருந்தேன், என் பக்கத்துல உக்காந்து அதே செக்கப்புக்கு காத்துட்டு இருந்தவங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க.

நரம்பு வலிக்கு பாராசிட்டமால் பெருசா கேக்காதுனு அப்பதான் தெரிஞ்சுது. வலி நிவாரண கிளினிக்குனு தனியா இருக்கற எடத்துக்கு அனுப்புனாங்க, அங்க காபாபென்டின் ராத்திரிக்கு மட்டும் கொறஞ்ச அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துனாங்க. மொத ரெண்டு வாரம் தலை கிறுகிறுனு வந்துச்சு, தூக்கம் தூக்கமா வந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. இத திடீர்னு நிறுத்தக் கூடாது, கொறைக்கறதா இருந்தாலும் படிப்படியாதான், இத அவங்க மூணு தடவ சொன்னாங்க, நானும் உங்களுக்கு சொல்றேன். அதோட ஃபிசியோ பொண்ணு வீட்ல பண்ண ஒன்னு சொல்லிக் குடுத்தா, கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். பஞ்சு எடுத்து அந்த எரியற எடத்துல மெதுவா தடவணும், தினம் ரெண்டு மூணு வேள, சில நிமிஷம். பஞ்சு பழகுனதும் மெல்லிசு துணி, அது பழகுனதும் டவல். தொடறது ஆபத்து இல்லனு நரம்புக்கு திரும்ப கத்துக் குடுக்கறது. மொத நாள் பஞ்சு பட்டதுக்கே பல்ல கடிச்சுக்கிட்டேன். ஆறு வாரம் கழிச்சு குளிச்சுட்டு டவலால தொடச்சுக்கிட்டு வந்த பிறகுதான் உறைச்சுது, வலிக்காம தொடச்சிருக்கேன்னு. எரிச்சல் முழுசா போகல, போகும்னு யாரும் எனக்கு வாக்கு குடுக்கவும் இல்ல. 10க்கு 8ல இருந்தது இப்ப 3, சில நாள் 4. அந்த வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு 8ல இருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

இழுக்கறது தனி விஷயம். ஆபரேஷன் முடிஞ்ச சில வாரத்துல கைய தூக்குனா அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் தோலுக்கு அடியில கயிறு மாதிரி ஒன்னு விறைப்பா நிக்கும், வீணைக் கம்பி மாதிரி. அத கார்டிங்னு சொல்லுவாங்க. இதப் பத்தி யாருமே எனக்கு முன்கூட்டி சொல்லல, நான் தையல் உள்ள பிரிஞ்சு போச்சுனு பயந்து கைய ஆட்டாம அசைக்காம வெச்சிருந்தேன், அதுதான் நான் பண்ண பெரிய தப்பு, தோள் இறுகிப் போச்சு. அதுக்கு மேல ரேடியேஷன் பட்ட எடம் மாசங்கள் கழிச்சு உள்ளுக்குள்ள தடிச்சு இறுகுச்சு, தோலும் சதையும் விலா எலும்போட ஒட்டிக்கிட்ட மாதிரி, ஆழமா மூச்சு இழுத்தா ஒரு பிடிப்பு. ரேடியேஷன் முடிஞ்சதும் அதோட விளைவு முடியாது, அது பல மாசம் வருஷம் கழிச்சும் மெதுவா வேல செய்யும். ஆபரேஷன் ஆகப் போறவங்க யாராவது இத படிச்சா, டாக்டர் எப்ப சரின்னு சொல்றாரோ அப்பவே கைக்கு ஸ்ட்ரெட்ச் ஆரம்பிச்சிருங்க, சுவத்துல விரலால நடந்து மேல ஏத்தறது மாதிரி சின்ன சின்னதுதான். அத தினம் பண்ணணும், இப்பவும் நான் பண்றேன், ஒரு வாரம் விட்டா கை திரும்ப இறங்கிடுது.

கனம்னு நோட்டுல எழுதறது லிம்ஃபெடீமாவுக்கு. நெறிகட்டி எடுத்ததால கையில இருந்து நெணநீர் சரியா வடிய வழி இல்லாம தேங்கி கை வீங்கறது. எனக்கு ஒரு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சது, மொதல்ல வீக்கமே தெரியல, சாயங்காலம் ஆனா கை ஈயம் கட்டுன மாதிரி இருக்கும், வாட்ச் தடம் பதியும், மோதிரம் இறுகும், அவ்ளோதான். அக்குள் முழுசா எடுத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு இது வருதுனும், சென்டினல் நோட்னு மொதல்ல வடிகட்டற ஒன்னு ரெண்டு நெறிகட்டிய மட்டும் எடுத்தா 20 பேர்ல ஒருத்தருக்குத்தான் வருதுனும் சொல்றாங்க, கிட்டத்தட்ட கணக்கு இது. அதனாலதான் இப்ப முடிஞ்சவரைக்கும் அக்குள்ல கொறச்சு எடுக்கப் பாக்கறாங்க. எனக்கு அந்த வாய்ப்பு இல்ல, நோய் பரவியிருந்துச்சு, எடுத்துத்தான் ஆகணும், அதுல எனக்கு வருத்தம் இல்ல.

இதுல என்னை ரொம்ப நாள் பயமுறுத்தி வெச்சது அந்த கூடாதுங்கற லிஸ்ட்டு. அந்தக் கையில பிரஷர் பாக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, வெயிட் தூக்கவே கூடாது, பிளேன்ல போகக் கூடாதுனு. நான் ரெண்டு வருஷம் இடது கைய கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிட்டு திரிஞ்சேன், கை இன்னும் மெலிஞ்சு பலமில்லாம போச்சு. 2009ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்திருக்கு, ஏற்கனவே லிம்ஃபெடீமா இருந்த 141 பெண்கள்ல பாதிப் பேர, வாரம் ரெண்டு நாள் பயிற்சியாளர் சொல்லிக் குடுத்தபடி மெதுவா வெயிட் ஏத்தி தூக்க வெச்சு பாத்தா வீக்கம் கூடல, தொந்தரவு கொறஞ்சிருக்கு. 2016ல வந்த இன்னொரு ஆய்வுல ரத்தம் எடுக்கறது, பிரஷர் பாக்கறது, பிளேன்ல போறது இதுக்கும் வீக்கத்துக்கும் சம்பந்தம் தெரியல, ஆனா கைத்தோல்ல கிருமி தொத்தி செல்லுலைட்டிஸ் வந்தவங்களுக்கும் உடம்பு எடை அதிகமா இருக்கறவங்களுக்கும் ஆபத்து கூடதான்னு வந்துச்சு. நான் இப்பவும் ஊசின்னா வலது கைய நீட்டிடறேன், அது பழக்கம், மன நிம்மதி. ஆனா கத்தி கீறல், பூனை பிறாண்டறது, நகத்த ஒட்ட வெட்டறது இதுக்கெல்லாம்தான் உண்மையா கவனமா இருக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டேன். கை திடீர்னு செவந்து சூடாகி காய்ச்சல் வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடணும், காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. பகல்ல இறுக்கமான அந்த கம்ப்ரெஷன் ஸ்லீவ் போடறேன். அளவு எடுத்து சரியானத போடணும், அளவு தப்பானா இன்னும் கெடுதல்.

காலுக்கு வரேன். பேக்ளிடாக்சல் நரம்போட நுனிய பாதிக்கும், ரொம்ப நீளமான நரம்பு எங்க முடியுதோ அங்கதான் மொதல்ல, அதாவது கால் விரல், அப்புறம் கை விரல். காலுக்கு சாக்ஸும் கைக்கு கிளவுஸும் போட்ட மாதிரி மரமரப்பு. கீமோ முடிஞ்சு மாசம் ஆக ஆக பலருக்கு கொறையுது, எனக்கும் கை விரல்ல நெறைய கொறஞ்சுது, பாதத்துல நிக்குது. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கும், தரை எங்க இருக்குனு கால் சொல்லாது, கண்ணால பாத்துத்தான் அடி வெக்கணும். இருட்டுல அதனாலதான் தடுமாறும். ராத்திரி பாத்ரூம் போற வழியில சின்ன லைட் எரியுது, வெந்நீர் சூட்ட முழங்கையால பாக்கறேன், வெறுங்கால்ல நடக்கறதில்ல. இந்த மரமரப்பு வலியா மாறுனா டுலோக்செடின்னு ஒரு மாத்திரை இருக்கு, கீமோவால வர நரம்பு வலிக்கு ஓரளவு ஆதாரத்தோட சிபாரிசு பண்றது அது ஒன்னுதான். எனக்கு தேவைப்படல. டமாக்சிஃபென்னு இன்னொரு வகை ஹார்மோன் மாத்திரை சாப்பிடறவங்க ஒன்னு கவனிங்க, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் குடுக்கற சில மாத்திரைங்க, முக்கியமா பரோக்செடின், ஃப்ளூக்செடின், டமாக்சிஃபென் உடம்புல வேல செய்யறத கொறைக்கலாம். எந்த டாக்டர் என்ன புது மாத்திரை எழுதுனாலும் நான் டமாக்சிஃபென் சாப்பிடறேன்னு வாய் திறந்து சொல்லிடுங்க.

இப்ப குடைச்சல். இதுதான் எனக்கு எழுத கஷ்டமா இருக்கு. மாதவிடாய் நின்ன பிறகும் உடம்புல கொழுப்புலயும் மத்த எடத்துலயும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகும், அத உண்டாக்கற அரோமட்டேஸ்ங்கற நொதிய தடுக்கறதுதான் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் இந்த மாத்திரைங்க எல்லாம். என்னை மாதிரி ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் திரும்ப வராம இருக்கறதுக்கு இதுதான் காவல். ஆனா ஈஸ்ட்ரோஜன் வத்திப் போனா மூட்டுங்க எல்லாம் காஞ்சு போன கீல் மாதிரி ஆயிடுது. சாப்பிடறவங்கள்ல பாதிப் பேருக்கு மூட்டு வலி வருதுங்கறாங்க. எனக்கு மூணாவது மாசம் ஆரம்பிச்சுது. காலைல எந்திரிச்சு கால் தரையில வெச்சா பாதம், முட்டி, இடுப்பு எல்லாம் 80 வயசு. கை விரல் மடங்குனா மடங்குனபடி நிக்கும், இன்னொரு கையால நிமித்தி விடணும், டக்குனு ஒரு சத்தத்தோட நிமிரும்.

ஒரு நாள் மாத்திரை சாப்பிடல. மறந்துட்டேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். அடுத்த நாளும் சாப்பிடல. 11 நாள் சாப்பிடல. வீட்ல அவருக்கு தெரியாது, பொண்ணுக்கு தெரியாது, அட்டைல இருந்து தினம் ஒரு மாத்திரைய பிதுக்கி குப்பையில போட்டேன், யாராவது எண்ணிப் பாப்பாங்களோனு. பன்னெண்டாவது நாள் ராத்திரி தூக்கம் வரல, நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்னு ஒரு நடுக்கம் வந்துச்சு. காலைல போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கி என் ஆன்காலஜிஸ்ட்கிட்ட, அதாவது புற்றுநோய் டாக்டர்கிட்ட போய் அப்படியே சொன்னேன். திட்டுவாருனு நெனச்சேன். அவர் நாற்காலிய பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்து, "நல்ல வேள சொன்னீங்க, பல பேர் சொல்லாமலே நிறுத்திடறாங்க, நான் ரீஃபில் எழுதிட்டே இருப்பேன், அவங்க சாப்பிடாமலே இருப்பாங்க"னு சொன்னாரு. அவரே மூணு வாரம் நிறுத்தச் சொன்னாரு, அப்புறம் எக்ஸிமெஸ்டேனுக்கு மாத்துனாரு. ஒரே வகை மாத்திரைதான், ஆனா ஒன்னு ஒத்துக்காதவங்களுக்கு இன்னொன்னு கொஞ்சம் ஒத்துக்கலாமாம். கூடவே நடக்கச் சொன்னாரு. வலியோட எப்படி நடக்கறதுனு எனக்கு கோவமே வந்துச்சு. 2015ல வந்த ஒரு ஆய்வ சொன்னாரு, இந்த மாத்திரையால மூட்டு வலி இருந்த 121 பெண்கள்ல ஒரு பாதிப் பேருக்கு வாரம் 150 நிமிஷம் நடை மாதிரி பயிற்சியும் ரெண்டு நாள் வெயிட்டும் குடுத்து ஒரு வருஷம் பாத்தா, மோசமான வலி 29 சதவீதம் கொறஞ்சிருக்கு, மத்தவங்களுக்கு கொறையல. மாத்திரையே போட்டு கொறையாதது நடந்து கொறையுமானு நெனச்சேன், கொறஞ்சுது. மெதுவா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு. இப்பவும் காலைல மொத 20 நிமிஷம் நான் யாருகூடவும் பேச மாட்டேன், மூட்டுங்க முழிச்சுக்கணும், வீட்ல எல்லாருக்கும் அது தெரியும். எலும்பும் தேயும்ங்கறதால எலும்போட அடர்த்திய பாக்கற டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எலும்புக்கு ஒரு ஊசி. அந்த ஊசி மொத தடவ போட்டப்ப ரெண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்துச்சு, அடுத்த தடவைல இருந்து அவ்ளோ இல்ல.

எந்த வலி வந்தாலும் அதுக்கு பின்னாடி ஒரு நெழல் வரும், இது திரும்ப வந்துருச்சோனு. போன வருஷம் நடு முதுகுல ஒரு வலி, என் நோட்டுல இருந்த எந்த வார்த்தையும் அதுக்கு பொருந்தல, ராத்திரி படுத்தா கூடுச்சு. எனக்கு சொல்லி வெச்சிருந்த கணக்கு ரெண்டு வாரம், புதுசா ஒரு வலி, காரணம் தெரியாம, ரெண்டு வாரம் தாண்டியும் இருந்தா சொல்லிடணும். நான் 16ஆவது நாள் போனேன். எலும்பு ஸ்கேன் எடுத்தாங்க. ரிசல்ட் வர நாலு நாள். அந்த நாலு நாள் நான் எப்படி இருந்தேன்னு இங்க எழுத மாட்டேன். ஒன்னும் இல்ல, தசைப் பிடிப்பு. ஸ்கேன் வீணாப் போச்சேனு டாக்டர்கிட்ட மன்னிப்பு கேட்டேன், "இல்லம்மா, பழைய வலிய தெரிஞ்சு வெச்சிருக்கறதாலதான் புதுச உங்களால கண்டுபுடிக்க முடியுது"னாரு.

அசதிய பத்தி ரெண்டு வரிதான், அது தூங்குனா போற அசதி இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, தயவு செஞ்சு வீட்ல இருக்கறவங்க அத அப்படி நெனைக்காதீங்க. இன்னொன்னு எழுதலாமா வேணாமானு ரொம்ப யோசிச்சேன், எழுதிடறேன். இந்த மாத்திரையால கீழ வறண்டு போயிடும், புண்ணா வலிக்கும், உக்காரறதுக்கே கஷ்டமா இருக்கும், புருஷன் பொண்டாட்டி உறவுன்னா நெனைக்கவே பயம். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் இருக்கு, அது கேக்கலைன்னா மேல என்ன பண்ணலாம்னு ஆன்காலஜிஸ்ட்டும் மகப்பேறு டாக்டரும் சேந்து பேசி முடிவு பண்ணுவாங்க. ஆனா நீங்க கேட்டாதான். என்னை யாரும் கேக்கல, நான்தான் ஃபைலுக்கு பின்னாடி ஒரு சீட்டுல எழுதி டாக்டர் முன்னாடி தள்ளி வெச்சேன், வாயால சொல்ல வரல. அவங்க படிச்சுட்டு கதவ சாத்திட்டு வந்து பேசுனாங்க. வீட்ல அவர்கிட்டயும் அப்படித்தான், பேச முடியாம ஒரு நாள் நோட்ட அப்படியே குடுத்துட்டேன். அவரு அத முழுசா படிச்சாரு, தேதி வாரியா, எத்தன ராத்திரி பக்கத்துல படுத்திருந்தும் அவருக்கு தெரியாம நான் முழிச்சிருந்தேன்னு அதுல இருந்துச்சு. "எழுப்பியிருக்கலாம்ல"னு மட்டும் கேட்டாரு. இப்ப எழுப்பறேன். எழுந்து கைக்கு அடியில தலகாணிய சரி பண்ணி வெச்சுட்டு ஒன்னும் பேசாம உக்காந்திருப்பாரு.

போன வாரம் செக்கப்புல புதுசா ஒரு பொண்ணு, 40 இருக்கும், ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம், என் பக்கத்துல உக்காந்திருந்தா. கைய ஒரு மாதிரி உடம்ப விட்டு தள்ளியே வெச்சிருந்தா, அந்த நிலை எனக்கு நல்லா தெரியும், துணி படக் கூடாதுனு வெக்கறது. எப்படிம்மா இருக்கனு கேட்டேன், நல்லா இருக்கேன்கான்னா. எரியுதா, குத்துதானு கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தா, அப்புறம் எரியுதுக்கானு மெதுவா சொன்னா. என் பையில இருந்த பேப்பர்ல உடம்பு படம் ஒன்னு வரைஞ்சு குடுத்தேன், கலர் பேனா இல்ல, இருந்த நீல பேனாவாலயே ரெண்டு பேரும் சேந்து குறிச்சோம், அவ பேர கூப்பிடறதுக்குள்ள மூணு எடம் குறிச்சு முடிச்சா, அத எடுத்துக்கிட்டே உள்ள போனா.

நேத்து ராத்திரி நோட்டுல இருக்கறது இது. மணி 2.15. சுளீர் ஒரு தடவ. எரிச்சல் இல்ல. கனம் கொஞ்சம். அதுக்கு கீழ இன்னொரு வரி, எழுத்து கோணலா இருக்கு, ஆனா படிக்க முடியுது: இடது பக்கமா ஒருக்களிச்சு படுத்தேன், 20 நிமிஷம்.